வரிசையில் முதலாவதாக இருந்த ரேக்கெட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாராவது பேய்க்கதையை ஆரம்பித்தால் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைக்கிற ஆள் நான். என் அம்மா நடுரோட்டில் நறுக்கிப் போட்ட எலுமிச்சம்பழத்தைப் பார்த்தால் ஊரையே சுற்றிக்கொண்டு போவார், அதற்குள் பஸ் போய்விடும், போனால் போகட்டும் என்பார். நான் ஒரு தடவை அப்படிக் கிடந்ததில் நறுக்காத நல்ல பழமாகப் பார்த்து எடுத்துவந்து சாறு பிழிந்து குடித்தேன். அம்மா ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அப்படிப்பட்ட பரமேஸ்வரிதான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள், உங்களை நம்பவைத்து எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது எங்கள் வீடு புக்கிட் பெலிம்பிங் பக்கம், எனக்குக் கோலசிலாங்கூர் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை. வேறு பொழுதுபோக்கு கிடையாது, ஞாயிற்றுக்கிழமையானால் பூப்பந்துதான். மலையடிவாரத்தில் ஒரு பொது மண்டபம் இருந்தது, டேவான் என்போம். பலகைச் சுவர், தகரக் கூரை, சிமென்ட் தரையில் பூப்பந்துக்குக் கோடு போட்டிருப்பார்கள். கல்யாணமும் அங்கேதான், ரத்த தானமும் அங்கேதான், ஒன்றும் இல்லாத நாளில் யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம். மலையிலிருந்து சாம்பல் குரங்குகள் இறங்கிவந்து ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும். யாராவது பந்தை வலையில் அடித்தால் அவை தலையைத் திருப்பிக்கொள்ளும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அந்த மண்டபத்துச் சட்டத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மற்றது புரியாது. அங்கே பெயர் எழுதி இடம் பிடிக்கிற வேலையெல்லாம் கிடையாது. சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. வந்தவுடன் உங்கள் ரேக்கெட்டை அதில் வரிசையின் கடைசியில் வைத்துவிட வேண்டும். முன்னால் இருக்கும் நாலு ரேக்கெட்டுக்கு உரியவர்கள்தான் அடுத்த ஆட்டம். ஆடி முடித்தவர்கள் ரேக்கெட்டைத் திரும்பவும் கடைசியில் கொண்டுபோய் வைப்பார்கள். முறை வந்தும் ஆள் இல்லையென்றால் மூன்று தடவை சத்தமாகக் கூப்பிடுவோம், அப்படியும் வராவிட்டால் அந்த ரேக்கெட்டைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்தவர் ஆடுவார். சீனர், மலாய்க்காரர், நாம், எல்லாருக்கும் அதே சட்டம்தான், அதில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

ஆனால் அந்தப் பெஞ்சின் தலைமாட்டில் எப்போதும் ஒரு பழைய மர ரேக்கெட் கிடக்கும். கைப்பிடியில் சுற்றிய துணி கறுத்துப்போயிருக்கும், நரம்பு மட்டும் ஏனோ தளரவே தளராது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. நான் முதல் நாள் போனபோது மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் பாக் ஹாஷிம் என்ற மலாய்ப் பெரியவர், உன்னுடையதை அதற்கு அடுத்தாற்போல் வை, அதைத் தொடாதே என்றார், அவ்வளவுதான், காரணம் சொல்லவில்லை. நானும் கவனித்தேன், அதைத் தள்ளியும் வைக்கமாட்டார்கள், அதற்காக ஆளைக் கூப்பிடவும் மாட்டார்கள். அது பாட்டுக்கு முதல் இடத்தில் இருக்கும், ஆட்டம் இரண்டாவது ரேக்கெட்டிலிருந்து தொடங்கும். எனக்குச் சிரிப்பாக இருக்கும், இத்தனை பெரிய ஆண்பிள்ளைகள் ஒரு விறகுக்கட்டைக்குப் பயப்படுகிறார்களே என்று.

இப்போது செல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்வி என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள், துணிக்கடையிலும் எனக்குப் பக்கத்து மேசை. ஆட்டத்தில் எங்கள் யாரையும் அவளோடு சேர்த்துப் பேசக்கூடாது, அவள் வேறு ரகம். அவள் அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர், அந்த வருடம் ஒரு பக்கம் கை கால் விளங்காமல் படுத்துவிட்டார். தோட்டத்து வீடு தோட்டத்தில் வேலை செய்பவருக்குத்தான். அவர்கள் வீட்டில் தோட்டத்து வேலைக்குப் போக வேறு ஆள் இல்லை. தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி இரண்டு தடவை லயத்து வீட்டுக்கே வந்து, தீபாவளிக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். படுக்கையில் கிடக்கிற மனிதரை எங்கே தூக்கிக்கொண்டு போவது. செல்வியின் அம்மா கோயிலுக்குப் போய் அழுதார், செல்வி அழாமல் கடைக்கு வந்து துணி கிழித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வழி தெரிந்தது. கோலாலம்பூரில் ஒரு பெரிய அலுவலகத்தில் பெண்கள் பூப்பந்து அணி வைத்திருந்தார்கள். அணியில் சேர்த்துக்கொண்டால் அங்கேயே வேலை, தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ், அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். ஆள் பார்க்க மிஸ்டர் டான் என்கிற சீனர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். இரட்டையர் ஆட்டத்துக்கு ஒரே ஒரு இடம் காலி. சபாக்கில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் மண்டபத்துக்கு வந்து செல்வியைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

இரட்டையர் என்றால் நாலு பேர் வேண்டும். செல்வி, நான், பாலர் பள்ளி டீச்சர் கமலா, அப்புறம் எங்கள் கடையிலேயே வேலை செய்த லீலா. செல்வியும் கமலாவும் ஒரு பக்கம், நானும் லீலாவும் ஒரு பக்கம் என்று பேசி வைத்தோம். நான் எப்போதும் முன்னால் வலையோரம் ஆடுபவள், லீலா பின்னால். முன்னால் ஆடுபவள் எந்தக் காரணத்துக்கும் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூடாது, திரும்பினால் கூட்டாளி அடிக்கிற பந்து கண்ணில்தான் வந்து விழும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. பின்னால் இருப்பவள் முன்னே வர வேண்டுமென்றால் ரேக்கெட்டால் என் கெண்டைக்காலில் லேசாகத் தட்டுவாள், நான் ஒதுங்கி இடம் விடுவேன்.

அந்த ஞாயிறு பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, தகரத்தில் கல்லை வாரிக் கொட்டுகிற மாதிரி. நாங்கள் மூன்று பேரும் எப்படியோ நனைந்துகொண்டு வந்து சேர்ந்துவிட்டோம், வேறு ஆடுபவர்கள் ஒருவரும் வரவில்லை, லீலாவையும் காணோம். மிஸ்டர் டான் வந்துவிட்டார், வயிறு பெருத்த மனிதர், ஆபீஸ் சப்பாத்து, கையில் குடை. பாக் ஹாஷிம் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு, பின்கதவைப் பூட்டிவிட்டேன், சாரல் அடிக்கிறது, நான் தொழுதுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிச் சூராவுக்குப் போய்விட்டார். குரங்குகள்கூட மழைக்கு ஒதுங்கி ஜன்னல் கட்டையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

நாங்கள் காத்திருந்தோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாங் பெர்ஜுந்தை சாலையில் தண்ணீர் ஏறிவிட்டால் தன்னுடைய காடி போகாது, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று மலாயில் சொன்னார். செல்வியைத் தனியாக அடிக்கச் சொல்லிப் பாருங்களேன் என்றேன். தனியாக அடிப்பவர்கள் தன்னிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள், தனக்கு வேண்டியது நாலு பேருக்கு நடுவில் எப்படி ஆடுகிறாள் என்பதுதான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சபாக் பெண் நன்றாகவே ஆடினாள் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார்.

செல்வி சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள், முடிச்சு அவிழவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் சொல்லிமாளாது. லீலாமேல் கோபம், மழைமேல் கோபம், கிராணிமேல் கோபம். பெஞ்சைப் பார்த்தால் அந்த மர ரேக்கெட் முதலாவதாகக் கிடக்கிறது, அடுத்து எங்கள் மூன்று ரேக்கெட். முதல் நாலு பேர் ஆட வேண்டும். சட்டப்படி நாலு இருக்கிறது.

"இது யாரு ரேக்கெட்டுலா?" என்று கத்தினேன்.

கமலா, "ஐயோ பரமு, சும்மா இரு. அத யாரும் கூப்பிடமாட்டாங்க" என்றாள்.

"ஏன் கூப்பிடக்கூடாது? வருசக் கணக்கா மொத எடத்துல கெடக்குதுல்ல. யாரு ரேக்கெட்டு? வர்றதா இருந்தா இப்ப வா. இல்லேன்னா இனிமே ஒனக்கு வரிச கெடையாது. மூனாவது தடவயா கேக்குறேன், யாரு ரேக்கெட்டு?"

சொல்லிவிட்டு என் ரேக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் வலைக்கு முன்னால் நின்றுகொண்டேன். "நான் ஒத்தையா ஆடுறேன், நீங்க ரெண்டு பேரும் அடிங்க. அவரு பாக்கட்டும்" என்றேன். மிஸ்டர் டானுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நான் போட்ட சத்தத்தில் கதவருகே நின்றுவிட்டார். செல்வி நிமிர்ந்தாள். அப்போது ஒரு இடி, விளக்குகள் அணைந்து எரிந்தன, என் பக்கத்தில் பின் பாதிக்கு மேலே இருந்த விளக்கு மட்டும் எரியவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் சிமென்ட் தரையில் ரப்பர் சப்பாத்து கிறீச்சென்று தேய்ந்தது.

எனக்கு உயிரே வந்தது. "லீலா, இப்பத்தான் வர்றியா? வா வா, பேச நேரமில்ல" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். செல்வி ரேக்கெட்டை உயர்த்தி சர்வீஸ் போடத் தயாராக நின்றாள், மனிதர் கதவருகே குடையோடு நிற்கிறார், இதில் திரும்பி நின்று குசலம் விசாரிப்பேனா. ஒன்று மட்டும் பார்த்தேன், பார்த்தும் அப்போது உறைக்கவில்லை. ஜன்னல் கட்டையில் இருந்த குரங்குகள் அத்தனையும் இறங்கி அந்தக் கொட்டுகிற மழைக்குள் போய்க்கொண்டிருந்தன.

செல்வி அடித்தாள். பந்து என் தலைக்கு மேலே பின்னால் போனது, போன வேகத்தில் திரும்பி வந்தது. லீலா அப்படி அடித்து நான் கேட்டதில்லை. லீலா அடித்தால் டப்பென்று கேட்கும், இது நறுக்கென்று நூலை வெட்டுகிற மாதிரி கேட்டது. பின் கோட்டில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் சப்பாத்து ஓடுகிற சத்தம், காலடிக்கும் அடிக்கும் நடுவில் மூச்சு வாங்குகிற சத்தமே இல்லை. பரவாயில்லையே, கழுதை இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தாளா என்றுதான் நினைத்தேன்.

செல்வி அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. பின்னாலிருந்து எவ்வளவு கடினமாகப் போனாலும் எடுத்தாள், தரையில் விழுந்து எடுத்தாள், முட்டி கிழிந்து ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. மிஸ்டர் டான் குடையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அதை ஓரக்கண்ணால் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சர்வீஸ் எங்கள் பக்கம் வந்தபோது, வலையோரம் கிடந்த பந்தை எடுத்துத் திரும்பாமலே தோளுக்கு மேலே பின்னால் நீட்டினேன், எப்போதும் லீலாவுக்கு அப்படித்தான் கொடுப்பேன். ஒரு கை வாங்கிக்கொண்டது. விரல் நுனிகள் என் விரலில் பட்டன. நாள் முழுக்கத் துணி துவைத்த கை எப்படி ஊறிச் சுருங்கியிருக்கும், அப்படி இருந்தது. பாவம், மழையில் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்துக்குப் பூசுவோமே ஒரு சுண்ணாம்பு, அது ஈரத்தில் ஊறிய வாடை என்னைச் சுற்றியே இருந்தது. நடுநடுவே கெண்டைக்காலில் ரேக்கெட் லேசாகத் தட்டும், நான் வலப்பக்கம் அரை அடி ஒதுங்குவேன், என் இடது தோளை உரசிக்கொண்டு பந்து போகும். அந்த ஒத்திசைவு எனக்குப் பிடித்திருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

பதிமூன்றுக்குப் பதிமூன்று வந்தது. பதினைந்தில் ஆட்டம் முடியும். மழை சட்டென்று குறைந்தது. மிஸ்டர் டான் கையைத் தட்டிக்கொண்டே எழுந்து, போதும் போதும், சாலையில் தண்ணீர் ஏறுவதற்குள் கிளம்புகிறேன் என்றார். நேராகச் செல்வியிடம் போய்க் கையைக் கொடுத்தார். அடுத்த வாரம் கோலாலம்பூருக்கு வா, அங்கே என் மேலதிகாரி ஒரு தடவை பார்ப்பார், அது பேருக்குத்தான் என்றார். செல்வி அவர் கையைப் பிடித்தபடியே நின்றாள்.

நான் சந்தோஷத்தில் திரும்பாமலே தோளுக்கு மேலே சொன்னேன், "மிச்சத்த அப்புறம் ஆடிக்கலாம்லா."

சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை.

கழிப்பறைக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். மிஸ்டர் டான் போகிற போக்கில் என்னிடம், உன் பின்னால் ஆடினாளே, அந்த இடதுகைப் பெண், அவள் பெயர் என்ன என்று கேட்டார். நான் லீலா என்றேன். அவளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல் என்று சொல்லிவிட்டுக் காடியில் ஏறிப் போய்விட்டார். லீலா சோற்றுக்கையால் ஆடுபவள் என்பது அவர் போன பிறகுதான் என் மண்டையில் ஏறியது. கழிப்பறையில் யாரும் இல்லை. பின்கதவு வெளியே பூட்டியிருந்தது. முன்கதவு வழியாக யார் வந்தாலும் போனாலும் மிஸ்டர் டானைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பெஞ்சுக்கு வந்தோம். என் நீலப் பை, செல்வியின் துண்டு, கமலாவின் மூக்குக் கண்ணாடி, எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. அந்த மர ரேக்கெட் மட்டும் தலைமாட்டில் இல்லை. பெஞ்சின் கடைசியில் இருந்தது. ஆடி முடித்தவர்கள் வைக்க வேண்டிய இடத்தில். கைப்பிடித் துணியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்துகொண்டிருந்தது. தொழுதுவிட்டு வந்த பாக் ஹாஷிம் அதைப் பார்த்தார், எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். "யார் கூப்பிட்டது?" என்று மலாயில் கேட்டார். நான் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். போய் விளக்கை அணைத்தார்.

மறுநாள் கடைக்கு வந்த லீலா என் காலில் விழாத குறைதான். "மன்னிச்சிருலா பரமு. பாலத்துக்கு மேல தண்ணி போவுது, எங்கப்பா வாசல தாண்ட விடல. செல்வி என்னா சொன்னா?" என்று கேட்டாள். நான் அவளை அறையப் போனேன், விளையாடுகிறாளோ என்று. அவள் முகத்தைப் பார்த்ததும் கை தானாக இறங்கிவிட்டது. கமலாவிடம் போய்க் கேட்டேன். "லீலாதானே இருந்தா? நான் கண்ணாடிய கழட்டிட்டுத்தான ஆடுவேன், எனக்கு மூஞ்சியெல்லாம் தெரியாது. ஆள் இருந்துச்சு" என்றாள். செல்வியிடம் கேட்டால், "நான் பந்த மட்டும்தான் பாத்தேன்" என்றாள். அதோடு பேச்சை மாற்றிவிட்டாள்.

இன்னொன்றும் நடந்தது. மிஸ்டர் டான் கூப்பிட்டிருக்கிறார் என்றதும் லீலாவுக்கு ஆசை வந்து, செல்வியோடு கோலாலம்பூருக்குப் போனாள். அங்கே பொது விளையாட்டரங்கம் எங்கள் டேவான் மாதிரிப் பத்து டேவானை உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிது, மேலே பகல் மாதிரி விளக்கு என்று வந்து சொன்னாள். அவள் போய் நின்றதும் மிஸ்டர் டான் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நான் கேட்டது இவளை இல்லை, உயரமான அந்த இன்னொரு பெண்ணை என்றாராம். லீலா பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். செல்வியை எடுத்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு முன்னாலேயே குவார்ட்டர்ஸ் கிடைத்தது, அவள் அப்பாவைக் கட்டிலோடு லோரியில் ஏற்றி அனுப்பிவைத்தோம். கிராணி வந்து கையாட்டினார், நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

நான் அதற்குப் பிறகு அந்த மண்டபத்துக்குப் போகவில்லை. பயந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன், கடையில் வேலை அதிகம், கல்யாணம் பேசினார்கள், இப்படி ஏதேதோ. கல்யாணமாகி ரவாங்குக்கு வந்துவிட்டேன். எண்பதுகள் முடிகிற சமயத்தில் ஒரு நாள் ரயிலேறி கோலாலம்பூரில் செல்வியின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா அப்போதும் இருந்தார், ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, "வாம்மா, பசியாறிட்டியா?" என்று கேட்டார். அந்த ஜன்னலையும் அந்த மனிதரையும் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சமையலறையில் செல்வி தே கலக்கிக்கொண்டிருந்தபோது நான் பேச்சுவாக்கில் சொன்னேன், அன்றைக்கு என் பின்னால் யார் நின்றார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று.

செல்வி கரண்டியை வைத்துவிட்டாள். "எனக்கு அப்பவே தெரியும் பரமு" என்றாள்.

"என்னா தெரியும்?"

"அது லீலா இல்லன்னு. மொத பந்துலயே தெரிஞ்சிருச்சு. கத்தியிருப்பேன். ரேக்கெட்ட போட்டுட்டு ஓடியிருப்பேன். அந்த மனுசன் கொடய கீழ வெச்சிட்டாரு பரமு. அப்பா படுத்துக் கெடக்குறது கண்ணுக்கு முன்னால வந்துச்சு. அதான் தெரிஞ்சே அடிச்சேன். ஒன்கிட்ட சொல்லல. சொன்னா நீ திரும்பிருவ."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். "போவட்டும் விடு. பின்னாலதான நின்னுச்சு, என்னய ஒன்னும் செய்யலயே" என்றேன்.

செல்வி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பின்னாலயா?" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அது பின்னால போவவே இல்ல. பந்துதான் பின்னாலேருந்து வந்துச்சு, காலடி சத்தமும் அங்கதான் கேட்டுச்சு. அது ஒன்னோட ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, ஒன் எடது தோள்மேல தாடய வெச்சிக்கிட்டு. நீ ஒதுங்குனா அதுவும் ஒதுங்குச்சு. கடசியில நீ என்னமோ சொன்னியே, மிச்சத்த அப்புறம் ஆடிக்கலாம்னு. அப்பத்தான் அது ஒன் மூஞ்சிய திரும்பிப் பாத்துச்சு."

முகம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தே ஆறிப்போனது, அப்படியே குடித்துவிட்டு வந்தேன்.

நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். செல்விக்கு மனப்பிராந்தி என்று சொல்லுங்கள், எனக்கு என்று சொல்லுங்கள், நானே பல தடவை அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள் என்று கேள்வி, அந்த ரேக்கெட் என்ன ஆனதென்று தெரியாது. நான் ரேக்கெட்டைத் தொட்டு எத்தனையோ வருடம் ஆகிறது, இப்போது முட்டியும் மடங்குவதில்லை. ஆனால் சில நாள் சாயங்காலம் நல்ல மழை பிடிக்கும்போது நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன், அந்த ஈரச் சுண்ணாம்பு வாடை வரும். அப்புறம் கெண்டைக்காலில் லேசாக ஒரு தட்டு. நான் திரும்புவதில்லை. இத்தனை பெரிய தொட்டி இருக்க ஏன் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நான் கழுவிக்கொண்டே இருப்பேன், என் இடப்பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கும்.